பிரஸ்ஸல்ஸில் நடுராத்திரிப் பங்கு பிரிப்பு

ஷ்ஷ்... சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள். நாம் எட்டிப் பார்க்கப்போவது ஐரோப்பாவின் மிகப் பெரிய பங்கு பிரிப்பு நடக்கும் அறையை. 2021 முதல் 2027 வரை ஏழு ஆண்டுகளுக்கு சுமார் 38,700 கோடி யூரோ. அதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகள், 24 ஆட்சிமொழிகளில், பல சமயம் ஊரே தூங்கும் நேரத்தில் உட்கார்ந்து பிரித்துக்கொள்கின்றன. பெயரைக் கேட்டால் கொட்டாவி வரும்: பொது வேளாண் கொள்கை. உள்ளே பார்த்தால், அடேயப்பா! மாடு உண்டு, அரச குடும்பம் உண்டு, நின்றுபோன கடிகாரம் உண்டு, வானத்திலிருந்து வேவு பார்க்கும் செயற்கைக்கோள் உண்டு. ஒலிம்பஸ் மலையில் வாழைத்தோட்டம்கூட உண்டு. அவசரப்படாதீர்கள், அதற்கும் வருவோம்.

முதலில் கடிகாரம். 1961 டிசம்பர் 31. அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இருந்தவை ஆறே நாடுகள். வேளாண்மைக்கு ஒரு பொது ஏற்பாடு முடிவானால்தான் பொதுச் சந்தையின் அடுத்த கட்டத்துக்கு வருவேன் என்று பிரான்ஸ் ஒற்றைக்காலில் நிற்கிறது. கெடு அன்று நள்ளிரவோடு முடிகிறது. பேச்சோ முடிகிற வழியைக் காணோம். என்ன செய்தார்கள் தெரியுமா? கடிகாரத்தை நிறுத்திவிட்டதாக வைத்துக்கொண்டார்கள்! கோப்பில் டிசம்பர் 31 அப்படியே நிற்க, நாட்காட்டி பாட்டுக்கு ஓடியது. ஒருவழியாக உடன்பாடு வந்தது ஜனவரி 14-ஆம் தேதி. நம் வீடுகளில் பொங்கல் பானை ஏறும் நாள். அந்த ஓட்டத்தின் கணக்கை அப்போதைய ஐரோப்பிய ஆணையத் தலைவர் வால்டர் ஹால்ஸ்டைன் பிறகு எடுத்துச் சொன்னார்: 45 கூட்டங்கள், அவற்றில் 7 இரவில், 137 மணி நேரப் பேச்சு, 5,82,000 பக்கம் காகிதம், 3 மாரடைப்பு. மாரடைப்பையும் எண்ணிக் கணக்கில் சேர்த்த அந்த நிதானத்தை என்னவென்று சொல்ல!

இந்த ஏற்பாட்டின் மூளை சிக்கோ மான்ஸ்ஹோல்ட். நெதர்லாந்துக்காரர், தானே உழுது பயிர் செய்தவர், 1945 முதல் 1958 வரை அந்நாட்டு வேளாண் அமைச்சர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் தன் நாட்டு மக்கள் பட்டினியால் செத்ததைக் கண்ட தலைமுறை அவருடையது. 'இனி ஒருபோதும் சோற்றுக்குத் திண்டாட்டம் வரக்கூடாது' என்பதுதான் அந்தத் தலைமுறையின் கணக்கு. அதற்குக் கண்டுபிடித்த வழி எளிது: விளைவியுங்கள், நல்ல விலைக்கு வாங்கிக்கொள்கிறோம், எவ்வளவானாலும்.

எவ்வளவானாலும் என்றார்களா? விளைவித்துத் தள்ளிவிட்டார்கள். கிடங்குகளில் வெண்ணெய் மலையாய்க் குவிந்தது. ஒயின் ஏரியாய்த் தேங்கியது. 1973-ல் 2 லட்சம் டன் வெண்ணெயை அடிமாட்டு விலைக்குச் சோவியத் யூனியனுக்குத் தள்ளிவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் கடையில் முழு விலை கொடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில். 1984-ல் பாலுக்கு ஒதுக்கீட்டு வரம்பு வந்தது. அந்த வரம்பு போக 2015 ஆகிவிட்டது.

நடுவில் மான்ஸ்ஹோல்டுக்கே சந்தேகம் வந்துவிட்டதுதான் வேடிக்கை. இப்படியே போனால் தாங்காது, சின்னப் பண்ணைகள் ஒன்றுசேர வேண்டும், பத்தாண்டில் சுமார் 50 லட்சம் பேர் விவசாயத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று 1968-ல் திட்டம் போட்டார். விடுவார்களா? 1971 பிப்ரவரியில் விவசாயிகள் மூன்று மாடுகளை ஓட்டிக்கொண்டு பிரஸ்ஸல்ஸில் அமைச்சர்கள் கூடியிருந்த மண்டபத்துக்குள்ளேயே நுழைந்தார்கள். மாட்டைக் கூட்ட மண்டபத்துக்குள் ஓட்டுவது எவ்வளவு பெரிய பாடு என்பது மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். அடுத்த மாதமே பல பத்தாயிரம் பேர் நகரத்தில் திரண்டார்கள். அன்று நடந்த மோதலில் ஓர் உயிர் போனது. திட்டத்தின் பெரும்பகுதி அலமாரிக்குப் போனது. ஆனால் சின்னப் பண்ணைகள் எந்தத் திட்டமும் இல்லாமலே காணாமல்போயின. 2005-ல் இன்றைய ஒன்றிய நாடுகளில் 1 கோடியே 44 லட்சம் பண்ணைகள்; 2020-ல் 91 லட்சம்.

இப்போது இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். சூடு பிடிக்கும் இடம் இதுதான்.

1992 வரை மானியம் விலைக்குள் ஒளிந்திருந்தது. யாருக்கு எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டு அயர்லாந்துக்காரரான வேளாண் ஆணையர் ரே மக்‌ஷாரி உத்தரவாத விலையை வெட்டி, நட்டத்துக்கு ஈடாக நிலத்தின் பரப்பையும் மாட்டின் தலையையும் எண்ணிக் காசோலை தரும் முறையைக் கொண்டுவந்தார். 2003-ல் ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் ஃபிஷ்லர் ஒரு படி மேலே போனார்: எதையும் விளைவித்தாக வேண்டும் என்பதுகூட இல்லை, நிலத்தை நல்ல நிலையில் வைத்திருந்தால் போதும், பணம் வரும். பல நாடுகளில் யாருக்கு எவ்வளவு என்பதை 2000 முதல் 2002 வரை அவர்கள் வாங்கியதை வைத்தே முடிவுசெய்தார்கள். அந்த மூன்று ஆண்டுகளில் மாடு நிறைய வைத்திருந்தவர் பிறகு எல்லாவற்றையும் விற்றுவிட்டாலும் பணம் தொடர்ந்தது. ஸ்காட்லாந்தில் இவர்களுக்குச் 'செருப்பு விவசாயிகள்' என்றே பட்டப்பெயர். வயலுக்குப் போகும் பூட்ஸ் எதற்கு, வீட்டுக்குள் போடும் மெத்துச் செருப்பே போதுமே! ஸ்பெயினில் 'சோபா விவசாயிகள்'.

காசோலை என்று வந்த பிறகு அதில் ஒரு பெயர் இருக்கும், ஒரு தொகை இருக்கும். பெயரும் தொகையும் இருந்தால் சண்டை வராமல் இருக்குமா? கணக்கைப் பாருங்கள். ஹெக்டேருக்கு 200 யூரோ என்று வைத்துக்கொள்வோம். நாலு ஹெக்டேர்க்காரருக்கு வருடம் 800 யூரோ. டிராக்டர் டயருக்குக் காணாது. ஆயிரம் ஹெக்டேர்க்காரருக்கு 2 லட்சம். ஐரோப்பியப் பண்ணைகளில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு 5 ஹெக்டேருக்கும் குறைவானவை. நேரடி மானியத்தில் சுமார் 80 சதவீதம் 20 சதவீதம் பேருக்குப் போகிறது என்பது எதிர்க்கட்சிக்காரர்களின் மேடைப் பேச்சல்ல. ஆணையமே ஒப்புக்கொள்ளும் எண். இதில் இன்னொரு கொசுறு: பணம் நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் குத்தகையும் ஏறுகிறது. உழுபவர் கையில் வாங்கி உடையவர் கையில் கொடுக்கிறார்.

சரி, பெரியவர்களுக்கு ஒரு வரம்பு போடலாமே? நமக்கு நில உச்சவரம்பு தெரியும்; இது மானிய உச்சவரம்பு. இந்த அறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓடும் தொடர்கதை இதுதான். ஒவ்வொரு முறையும் கதாநாயகன் கம்பீரமாக நுழைவான். கடைசிக் காட்சியில் ஆளையே காணோம்.

மக்‌ஷாரி தன் வரைவில் பெரிய பண்ணைகளுக்குக் குறைத்துக் கொடுக்கலாம் என்று எழுதினார். 1992 மே மாதம் கையெழுத்தான ஏற்பாட்டில் அது இல்லை. ஃபிஷ்லர் 2002-ல் 3 லட்சம் யூரோ என்று வரம்பு சொன்னார். 2003 ஜூனில் போயே போச்சு. ருமேனியாவின் டச்சியன் சொலோஷ் 2011-ல் மறுபடி 3 லட்சம் என்றார். 2013-ல் மிஞ்சியது: அடிப்படைத் தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதியில் குறைந்தது 5 சதவீதம் வெட்டு. அதற்கும் விலக்கு உண்டு. 2018-ல் அப்போதைய ஆணையர் ஃபில் ஹோகன் வந்தார், 1 லட்சம் என்றார், கட்டாயம் என்றார். 2020 ஜூலையில் கொரோனாவுக்கு நடுவே தலைவர்கள் நான்கு பகல் நான்கு இரவு உட்கார்ந்து முடித்த உச்சி மாநாட்டில் அந்தக் கட்டாயம் 'விரும்பிய நாடு செய்துகொள்ளலாம்' என்று ஆகிவிட்டது. விரும்புகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

நம் கதாநாயகனை யார் கொல்கிறார்கள்? நீங்கள் நினைக்கும் ஆள் இல்லை. பிரான்ஸை எல்லோரும் திட்டுவார்கள். உச்சவரம்பு விஷயத்தில் ஜெர்மனியைப் பாருங்கள். கிழக்கு ஜெர்மனியில் கம்யூனிஸ்ட் காலத்துக் கூட்டுப் பண்ணைகள் 1990-க்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கொண்ட நிறுவனங்களாகவும் கூட்டுறவுகளாகவும் மாறின. செக் நாட்டிலும் அதே கதை. பிரிட்டன் வெளியேறும்வரை அங்கே பிரபுக்களின் எஸ்டேட்டுகள். இந்த மூவரும் ஒரே பக்கம் சாய்ந்தால் வரம்பு எங்கே நிற்கும்? அவர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் கூட்டுறவையும், மேனேஜரை வைத்துவிட்டு வேட்டைக்குப் போகும் பிரபுவையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். சரி, சம்பளத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்கு வரம்பு போடுவோம் என்றால், கழித்த பிறகு வரம்பில் சிக்க ஆளே இருப்பதில்லை. அதற்கும் பயந்தவர்கள் பண்ணையை மனைவி பேரில் ஒன்று, மகன் பேரில் ஒன்று, கம்பெனி பேரில் ஒன்று என்று காகிதத்தில் வெட்டிவிடுகிறார்கள். உச்சவரம்பு என்றதும் பினாமி என்ற சொல் ஞாபகம் வருகிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

இப்போது மண்டபத்தையே பார்த்துவிடுவோம், வந்ததற்கு. 2017 முதல் அமைச்சர்கள் கூடும் யூரோப்பா கட்டடம் வெளியே கண்ணாடிப் பெட்டி. உள்ளே பிரமாண்டமான முட்டை ஒன்று நிற்கிறது. கூட்ட அறைகளில் தரையிலும் கூரையிலும் கதவிலும் கலர் கலராய்ச் சதுரங்கள். வேளாண் அமைச்சர்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள். ஏப்ரல், ஜூன், அக்டோபர் மட்டும் லக்ஸம்பர்கில். அதனால்தான் பெரிய உடன்பாடுகள் பல அந்தச் சின்ன ஊரில் விடிகிற நேரத்தில் பிறந்தன: 2003 ஜூன் ஒன்று, 2020 அக்டோபர் இன்னொன்று. மற்றத் துறைகளின் கோப்புகள் தூதர்கள் குழு வழியாக அமைச்சர்களுக்குப் போகும். விவசாயத்துக்கு மட்டும் 1960 முதலே தனிக் குழு, சிறப்பு வேளாண் குழு. அதாவது விவசாயத்துறைக்காரர்கள் விவசாயத்துறைக்காரர்களோடு பேசி விவசாயத்துறைக்காரர்களிடம் முடிவுக்கு அனுப்புகிறார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் வேளாண் குழுவிலும் விவசாயக் குடும்பத்து உறுப்பினர்கள் நிறைய. பந்திக்கு வந்தவர்களே பரிமாறவும் செய்தால் கடைசி இலைக்கு என்ன மிஞ்சும்?

அடுத்த அறை இன்னும் ஜோர். ஆணையம், நாடாளுமன்றம், அமைச்சர்கள் மன்றம் மூன்றும் உட்காரும் முத்தரப்புப் பேச்சு. மேஜையில் நான்கு பத்திகள் கொண்ட ஒரு ராட்சத ஆவணம். முதல் பத்தியில் ஆணையம் எழுதியது. இரண்டாவதில் நாடாளுமன்றம் திருத்தியது. மூன்றாவதில் மன்றம் கேட்பது. நான்காவது பத்தி காலி! அதை நிரப்பத்தான் இத்தனை ராத்திரி, இத்தனை காபி. ஒத்துப்போன வரிக்குப் பச்சை, இழுபறிக்கு மஞ்சள், மோதலுக்குச் சிவப்பு என்று பக்கவாட்டில் வண்ணம் பூசிக்கொண்டே போவார்கள். 2021 மே கடைசியில் பேச்சு முறிந்து எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஜூன் 25-ல் போர்ச்சுகல் தலைமையில் முடித்தார்கள்.

அன்று நான்காவது பத்திக்குள் ஏறிய ஒரு வரிதான் எனக்குப் பிடித்தது. நேரடி மானியத்தில் குறைந்தது 10 சதவீதத்தை எடுத்து, ஒவ்வொரு பண்ணையின் முதல் சில ஹெக்டேர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். 4 ஹெக்டேர்க்காரருக்கு மொத்த நிலத்துக்கும் கூடுதல் கிடைக்கும். 4,000 ஹெக்டேர்க்காரருக்கும் முதல் சில ஹெக்டேருக்கு மட்டும்தான். இதில் பினாமிக்கு வேலை குறைவு, சம்பளக் கழிவு இல்லை, ஜெர்மனி கூச்சலும் இல்லை. சத்தமே இல்லாமல் பணம் மேலிருந்து கீழே இறங்குகிறது. விலக்குப் பெறவும் வழி வைத்திருக்கிறார்கள், அது வேறு. ஆனாலும் உச்சவரம்பு என்ற மேளதாளத்தைவிட இந்த ஊமை வரிதான் சின்ன விவசாயிக்கு அதிகம் செய்யும் என்பது என் கட்சி. பத்திரிகைத் தலைப்புகளில் மட்டும் உச்சவரம்புக்குத்தான் எப்போதும் முதலிடம்.

கொஞ்சம் கிசுகிசு வேண்டாமா? 2002 அக்டோபரில் உச்சி மாநாடு தொடங்குவதற்குச் சற்று முன்பு பிரான்ஸ் அதிபர் ஜாக் ஷிராக்கும் ஜெர்மன் சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடரும் பிரஸ்ஸல்ஸ் ஹோட்டல் ஒன்றில் தனியாக உட்கார்ந்து 2013 வரைக்குமான விவசாயச் செலவின் உச்சவரம்பைப் பேசி முடித்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் பிரிட்டன் பிரதமர் டோனி பிளேருக்கும் ஷிராக்குக்கும் வாய்த்தகராறு. அடுத்த பிரிட்டன்–பிரான்ஸ் சந்திப்பே தள்ளிப்போனது. 2020 உச்சி மாநாட்டு மேஜையில் செக் பிரதமராக உட்கார்ந்திருந்த ஆந்த்ரே பாபிஷ், அந்நாட்டின் பெரிய விவசாய நிறுவனமான அக்ரோஃபெர்ட்டை நிறுவியவர். அவருக்கு நலன் முரண் இருந்தது என்று ஆணையத்தின் தணிக்கை 2021-ல் சொன்னது. அவர் அதை மறுத்தார்.

பெயர்ப் பட்டியல் வெளிவந்த கதை இதைவிட ருசி. 2005-ல் தகவல் சுதந்திரச் சட்டம் நடைமுறைக்கு வந்த கையோடு பிரிட்டன் பட்டியலை வெளியிட்டது. பார்த்தால் ராணியின் பண்ணை, வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன்! விமான நிலையங்களும் கோல்ஃப் மைதானங்களும் ரயில் நிறுவனங்களும் பரப்பைக் காட்டி மானியம் கேட்க முடிந்த காலம் அது. புல் முளைத்தால் நிலம்தானே? 2013 சீர்திருத்தத்தில் இவற்றையெல்லாம் பெயர் சொல்லி விலக்க ஒரு பட்டியலே போட வேண்டியதாயிற்று. 2009 முதல் எல்லா நாடுகளும் பெயர்களை வெளியிட்டன. ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநில விவசாயிகள் வழக்குப் போட, 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தனிநபர் பெயரை இப்படி வெளியிடுவது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று அடித்துவிட்டது. பிறகு விதியை மாற்றி எழுதி, மிகச் சிறிய தொகை வாங்குவோரை விட்டுவிட்டு, மறுபடி வெளியிட ஆரம்பித்தார்கள்.

சரி, வயல் நிஜமாகவே இருக்கிறதா என்று யார் பார்ப்பது? இங்கேதான் செயற்கைக்கோள். நம்மூரில் கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் என்ன பயிர் என்று எழுதுவதுபோல, அங்கே சென்டினல் செயற்கைக்கோள்கள் சில நாட்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு வயலையும் படம் பிடிக்கின்றன. படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். மேகம் மறைத்தால் ரேடார் உண்டு. புல் வெட்டினேன் என்று விவசாயி சொன்னால், பச்சை ஒரே வாரத்தில் மங்கியதா என்று கணினி பார்க்கும். சந்தேகம் வந்தால் அலைபேசியில் வயலைப் படமெடுத்து இடக்குறியோடு அனுப்ப வேண்டும். 2023 முதல் இந்தக் கண்காணிப்பு எல்லா நாட்டுக்கும் கட்டாயம். இதற்கான தொழில்நுட்பத்தை வளர்த்த ஆணையத்தின் ஆய்வு மையம் வடக்கு இத்தாலியின் இஸ்ப்ராவில், மஜ்ஜோரே ஏரிக்கரையில் இருக்கிறது. 1958-ல் இந்தக் கொள்கைக்கு அடித்தளம் போட்ட மாநாடு நடந்த ஸ்ட்ரேசாவும் அதே ஏரியின் எதிர்க்கரைதான்!

இத்தனை கண் இருந்தும் கிரேக்கத்தில் நடந்தது நடந்தது. தங்களுக்குச் சொந்தமும் இல்லாத, குத்தகையும் இல்லாத மேய்ச்சல் நிலத்தைக் காட்டிப் பலர் மானியம் வாங்கியதாக ஐரோப்பிய அரசு வழக்கறிஞர் அலுவலகம் விசாரணையில் இறங்கியது. ஒலிம்பஸ் மலையில் வாழைத்தோட்டம், ராணுவ விமானதளத்தில் ஆலிவ் தோப்பு என்று செய்திகள் பறந்தன. தேவர்கள் குடியிருக்கும் பனிமலையில் வாழை! 2025 ஜூனில் அமைச்சர் ஒருவர் உட்பட சிலர் பதவி விலகினார்கள். மானியம் வழங்கிய அமைப்பைக் கலைத்து வேலையை வரித்துறையிடம் கொடுப்பதாக அரசு அறிவித்தது. ஆணையம் சுமார் 39 கோடி யூரோ பிடித்தம் போட்டது.

சண்டை பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவில் மட்டுமல்ல, நாட்டுக்கும் நாட்டுக்கும் உண்டு. 2004-ல் சேர்ந்த கிழக்கு நாடுகளுக்கு முதல் ஆண்டு கொடுத்தது பழைய நாடுகளின் அளவில் 25 சதவீதம். அடுத்த ஆண்டு 30, அதற்கடுத்து 35, அப்படியே ஏறி 2013-ல்தான் முழுசு. அந்த முழுசும் ஒன்றல்ல. பழைய மகசூல் கணக்கை வைத்துப் போட்டதால் லாத்வியா, எஸ்தோனியா, லித்துவேனியா மூன்றும் ஹெக்டேர் கணக்கில் கடைசி வரிசையிலேயே கிடந்தன. 2020 பிப்ரவரியில் பால்டிக் விவசாயிகள் பிரஸ்ஸல்ஸில் டிராக்டரோடு வந்து கேட்டார்கள்: உரமும் டீசலும் எங்களுக்கு மட்டும் மலிவா? ஹெக்டேருக்குக் குறைந்தது 200 யூரோ, 2027-ல் 215 என்று வாக்கு கிடைத்தது.

2024 பிப்ரவரி டிராக்டர் படையெடுப்பை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். நாடாளுமன்ற வாசலில் நெருப்பு, சாணம், சதுக்கத்திலிருந்த சிலை ஒன்று கீழே. அதன் விளைவு மின்னல் வேகம்: பூச்சிக்கொல்லிக் குறைப்புச் சட்ட வரைவு வாபஸ், 4 சதவீத நிலத்தைத் தரிசாக விட வேண்டும் என்ற விதி மே மாதத்துக்குள் போயிற்று, 10 ஹெக்டேருக்குக் குறைந்த பண்ணைகளுக்குச் சில சோதனைகளிலிருந்தும் அபராதங்களிலிருந்தும் விலக்கு. முப்பது ஆண்டாக நகராத உச்சவரம்பு ஒரு பக்கம், மூன்றே மாதத்தில் கரைந்த பசுமை விதி ஒரு பக்கம். வாசலில் டிராக்டர் நிறுத்தியவர்கள் கேட்டது எது, கேட்காதது எது என்று ஒட்டிப் பாருங்கள்.

2025 ஜூலை 16-ல் அடுத்த ஆட்டத்துக்கு மணி அடித்துவிட்டார்கள். 2028 முதல் 2034 வரைக்கான சுமார் 2 லட்சம் கோடி யூரோ திட்டத்தில், விவசாயத்துக்கென்று இருந்த தனிப் பெட்டியைப் பிற வட்டார நிதிகளோடு சேர்த்து, அதற்குள் சுமார் 30,000 கோடியை மட்டும் விவசாயிகளின் வருமானத்துக்கென்று வேலி போட்டு ஒதுக்கலாம் என்கிறது ஆணையம். வேளாண் ஆணையர் இப்போது லக்ஸம்பர்கின் கிறிஸ்டோஃப் ஹான்சன். வரைவைப் புரட்டினால், நம் கதாநாயகன் மறுபடி உள்ளே நுழைகிறான்! 20,000 யூரோவைத் தாண்டினால் வெட்டு தொடங்கும்: 50,000 வரை கால்வாசி, 75,000 வரை பாதி, 1 லட்சம் வரை முக்கால்வாசி. அதற்குமேல் ஒன்றுமில்லை. கட்டாயமாம்.

இதுவரை வந்ததிலேயே கறாரான வரைவு இது, சந்தேகமில்லை. ஆனால் ஏழாண்டு பட்ஜெட்டுக்கு 27 தலைவர்களும் ஒருமனதாகத் தலையசைக்க வேண்டும். அதுவரை மன்றத்துக்குத் தலைமை தாங்கும் நாடு மாற்றி மாற்றிச் சுற்றுக்கு விடும் பேரப் பத்திரத்தில், முடிவாகாத எண்கள் சதுர அடைப்புக்குள் இருக்கும். அந்த 1 லட்சத்துக்கு அடைப்பு விழுகிறதா என்று நான் ஒவ்வொரு பதிப்பிலும் பார்க்கப்போகிறேன். கூடவே முதல் ஹெக்டேர்களுக்கான வரி எங்கே போகிறது என்றும் ஒரு கண் வைத்திருப்பேன்.